மூன்று தரம் கேட்பார்கள்

சபைத் தலைவர் தஸ்நேவிஸ் அண்ணாச்சி இன்னும் எழுந்திருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார், மனுசன் துடைத்து முடித்தால்தானே மேற்கொண்டு காரியம் நடக்கும் என்று சந்தியாகு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து கோயிலில் கூட்டம் கலைந்தாயிற்று. பங்கு மண்டபத்தில் சூசையப்பர் நல்மரணச் சபைக்காரர்கள் பதினெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சுவரோரம் போட்ட பெஞ்சில் இவர் ஒருவர் மட்டும். பெண் பார்க்க வந்த மாதிரியல்லவா இருக்கிறது என்று நினைத்தார், பெண்ணே நான்தான் என்றும் நினைத்தார், சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். இந்தச் சபையில் சேருவதற்குப் பெரிய பரீட்சை ஒன்றும் கிடையாது. சூசையாபுரத்தில் யாராவது இறந்து, தூக்க ஆளில்லை என்று தகவல் வந்தால் போகவேண்டும். குளிப்பாட்டி, உடுத்தி, குழி வெட்டி, தோளில் சுமந்துபோய் அடக்கம் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கவேண்டும். என்ன மதம், எந்தத் தெரு என்று கேட்கக்கூடாது. செத்த வீட்டில் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கக்கூடாது. இதற்குச் சம்மதம் என்றால் சேர்ந்துவிடலாம், இடையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். சேருகிற ஆளை எதிரே உட்காரவைத்துவிட்டுத் தலைவர் எழுந்து, இவர் பேரில் யாருக்காவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்பார். மூன்று தரம் கேட்பார். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் நடுவில் எல்லாருமாகச் சேர்ந்து மூன்று அருள்நிறை மரியே சொல்வார்கள். மூன்றாவது தரமும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் கழுத்தில் நீலப் பட்டியைப் போட்டு, அதில் தொங்குகிற சூசையப்பர் சுரூபத்தை நெஞ்சுக்கு நேராக இழுத்துவிட்டு, சகோதரரே என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். இத்தனை வருசத்தில் ஒரே ஒருத்தன்தான் எழுந்து மனத்தாங்கல் சொல்லியிருக்கிறானாம், அதுவும் ஏதோ வேலித் தகராறு, அங்கேயே பேசி முடித்துவிட்டார்களாம். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று சந்தியாகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது இது நாலாவது தரம்.

சட்டைக் காலர் கழுத்தை அறுத்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி என்று சொல்லியிருந்ததால் பெண்டாட்டி அமலி நேற்றே துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள். இது சட்டையா தகரமா, இவ்வளவு கஞ்சி எதுக்கு என்று காலையில் கேட்டதற்கு, நாலு பேரு பாக்குற எடம், வெறப்பா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும் என்றாள். கஞ்சி. அந்த வார்த்தை வந்ததும் மனசு அங்கேயே காலை ஊன்றிக்கொண்டது. எப்படிச் சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும், தெரிந்த விசயம்தான். சட்டைக்குப் போடுகிற கஞ்சி வேறு, தூக்குச்சட்டியில் வருகிற கஞ்சி வேறு என்று அதட்டிப் பார்த்தார், அது கேட்கவில்லை. நாலரை வருசத்துக்கு முந்தி, கொரோனா இரண்டாவது தரம் வந்து ஊரையே புரட்டிப் போட்ட மாசத்தில், பதினாலு நாள், பதினாலு தூக்குச்சட்டி. அதோ இரண்டாவது வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானே சைக்கிள்கடை வியாகுலம், அவன்தான் சபை சார்பில் கொண்டுவருவான். வாசல்படியில் வைத்துவிட்டு, மதில் ஓரமாக எட்டி நின்று, அண்ணாச்சி, கஞ்சி இருக்கு, ஆறதுக்குள்ள குடிச்சிருங்க என்று சத்தம் கொடுத்துவிட்டுப் போவான். உள்ளேயிருந்து சந்தியாகு ஒரு இருமல் இருமுவார். சும்மா, ஒரு மரியாதைக்கு. காய்ச்சல்காரன் என்றால் இருமவேண்டாமா. காய்ச்சலாவது ஒன்றாவது. ஒரு நாள், ஒரு மணி நேரம்கூட உடம்பு சுட்டது கிடையாது. உங்க அண்ணன் போயிட்டார், தூக்க வாரியா என்று சபையிலிருந்து போன் வந்தபோது எனக்கும் காய்ச்சல் என்று சொன்னார், அந்தப் பொய்க்கு வந்த கஞ்சி அது. நல்ல கஞ்சி வேறு. சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, பாசிப்பயறு சேர்த்து, தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல் வைத்து வரும். மூன்றாம் நாளே பதினோரு மணியானால் காது தெருவில் சைக்கிள் சத்தத்தைத் தேட ஆரம்பித்துவிட்டது. பொய் சொன்னதைவிட அதுதான் பெரிய அசிங்கம் என்று அவருக்குத் தோன்றும். இந்த விசயம் ஊரில் அமலிக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்படிப்பட்ட ஆளுக்கு இந்தச் சபையில் என்ன வேலை என்று கேட்டால், கூப்பிட்டார்கள், வந்தார். கூப்பிட்ட காரணம் உயரம். பெட்டியை நாலு பேர் தூக்கும்போது நாலு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பெட்டி சாய்ந்து பாரமெல்லாம் குட்டையானவன் மேல் இறங்கும். சபையில் உயரமான ஆள்கள் மூன்று பேர்தான் மிச்சம், நாலாவது ஆளுக்கு முழங்கால் போய்விட்டது. டவுன் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டராக இருக்கும் சந்தியாகு ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவு. போன மாசம் வடக்குத் தெரு வால்வைத் திருகிக்கொண்டிருந்தபோது தஸ்நேவிஸ் அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்று தோளைத் தோளோடு வைத்து அளந்து பார்த்துவிட்டு, சரியா இருக்கு, வந்து சேருதியா என்றார். டெலிபோன் ஆபீஸில் முப்பது வருசம் இருந்த மனிதர், சுருக்கமாகத்தான் பேசுவார். யோசிச்சுச் சொல்லுதேன் என்று சொல்லியிருக்கலாம். சர்க்கரை இருக்கு என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. வாரேன் அண்ணாச்சி என்றுதான் வாய் சொன்னது. இந்த வாய் எப்போதுமே இப்படித்தான், அவரைக் கேட்டுக்கொண்டு எதுவும் சொல்வதில்லை. ஆனால் சொன்ன பிறகு நாலரை வருசத்தில் முதல் தடவையாக மனசுக்கு ஒரு தெம்பு வந்ததும் நிஜம். தெருவில் நீலப் பட்டிக்காரர்கள் பெட்டி சுமந்து போகும்போதெல்லாம் வால்வுக் குழிக்குள் தலையைக் குனிந்துகொள்கிற வேலை இனி இல்லை, நானும் தூக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். எது சரியாகும், எப்படிச் சரியாகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

கண்ணாடி துடைத்து முடிந்தது. அண்ணாச்சி எழுந்தார், சிலுவை போட்டார், எல்லாரும் போட்டார்கள். மரியசந்தியாகு என்கிற இவரைச் சபையில் சேர்க்கப் போகிறோம், இவர் பேரில் யாருக்காவது மனத்தாங்கல் உண்டா என்றார். முதல் தரம். மேலே மின்விசிறி கடகடத்தது. சந்தியாகு நாற்காலிகளின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. வியாகுலம் எழுந்து நின்றான். தெரிந்துவிட்டது, இவனுக்குத் தெரியும், அந்த இருமலிலேயே கண்டுபிடித்திருப்பான், மனசார இருமினவனுக்கும் சும்மா இருமினவனுக்கும் வித்தியாசம் தெரியாதா, இவ்வளவு நாளும் இந்த நாளுக்காகத்தான் வைத்திருந்திருக்கிறான் என்று ஒரே மூச்சில் எல்லாம் ஓடி முடிந்து, காதுக்குள் கும்மென்று ஆகி, இனி எழுந்து வெளியே போகவேண்டியதுதான் என்று இவர் பெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். வியாகுலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிழக்குத் தெருக் கடைசியில் உள்ள பதினோரு வீட்டுக்குத் தண்ணி விரல் தண்டிக்குத்தான் வருது, குடம் நிறையதுக்குள்ள நிறுத்திப்போடுதாங்க, சந்தியாகு அண்ணாச்சி அந்த வால்வ இன்னும் பத்து நிமிசம் கூட விட்டா என்ன, எனக்கு அதுதான் மனத்தாங்கல் என்றான். நாற்காலிகள் எல்லாம் சிரித்தன. தஸ்நேவிஸ் அண்ணாச்சி சிரிக்கவில்லை. உக்காரு வே, அது மனத்தாங்கல் இல்ல, புகார், அத டவுன் பஞ்சாயத்துல போய் எழுதிக் குடு என்றார். வியாகுலம் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தான். சந்தியாகுவும் சிரித்தார். சிரித்த வாயை மூட முடியவில்லை, கன்னம் இரண்டும் அப்படியே விறைத்துப்போய்விட்டன, காலர் மாதிரி.

அருள்நிறை மரியே வாழ்க. உதடு அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. புகார் வேறு, மனத்தாங்கல் வேறு. அண்ணாச்சி சரியாகத்தான் சொன்னார். புகார் என்றால் எழுதிக் கொடுக்கலாம், மேலதிகாரி கையெழுத்துப் போடுவான், குழாயை மாற்றுவார்கள், முடிந்தது. மனத்தாங்கல் ஒருத்தன் மனசில் தங்குவது. அப்படியானால் தெரியாத விசயத்துக்கு மனத்தாங்கல் இருக்க முடியாதே. அண்ணன் இறந்துவிட்டான், அவனுக்கு மனசு எங்கே இருக்கிறது தாங்குவதற்கு. மதினிக்குத் தெரியாது. வியாகுலத்துக்குத் தெரியாது, பாவம், பதினாலு நாள் கஞ்சி சுமந்தவன் வீட்டுக்கு விரல் தண்டித் தண்ணீர்தான் போகிறது, அதைக்கூடச் சிரித்துக்கொண்டு கேட்கிறான். ஆக யாருக்கும் இவர் பேரில் மனத்தாங்கல் கிடையாது, சபை கேட்கிற கேள்விக்கு இவர் முறைப்படி சுத்தமான ஆள். பாவம் என்று கேட்டாலும் சுத்தம்தான், ஏனென்றால் அண்ணன் இறந்த அடுத்த வருசம் ஈஸ்டருக்கு முந்தியே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று. இந்த ஊர்ச் சாமியாரிடம் இல்லை. பஸ் ஏறி, யாருக்கும் முகம் தெரியாத ஊருக்குப் போய், வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு இளவயசுச் சாமியிடம் சொன்னார். உடன்பிறந்தவனை அடக்கம் செய்யப் போகவில்லை சாமி, பொய் சொன்னேன் சாமி. அந்தச் சாமி அஞ்சு செபமாலை சொல்லச் சொல்லி, ஆண்டவர் உங்களை மன்னித்துவிட்டார், சமாதானமாய்ப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். திரும்பி வருகிற பஸ்ஸிலேயே இரண்டு மாலை முடிந்துவிட்டது. கடவுளோடு உள்ள விவகாரம் இவ்வளவு சுளுவாகவா முடியும் என்று அன்றைக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், ஆமென்.

இரண்டாவது தரம் அண்ணாச்சி கேட்டார். யாரும் அசையவில்லை. நியாயமாக ஒரு பெண் எழுந்து நிற்கவேண்டும், ஆனால் இது ஆம்பளைகள் சபை, மதினி சலேத் இங்கே வரமுடியாது. சேருவதற்கு முந்தின வாரம், முகம் கோணியிருக்கிற ஆட்களிடம் எல்லாம் போய்ப் பேசித் தீர்த்துவிட்டு வரவேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. சந்தியாகு முதலில் சின்னச் சின்ன ஆட்களிடம் போனார். பழைய ஹெல்ப்பரிடம் போனார், மச்சினனிடம் போனார், எல்லாரும் அட அதெல்லாம் ஒண்ணுமில்ல என்றார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போனார். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனார், தெரு முக்கில் நின்று ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டார். மதினி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள், மஸ்கட்டில் இருக்கிற மகளுக்குக் கொடுத்தனுப்ப. கை மாவோடு எழுந்து, வாங்க தம்பி, சபையில சேரப் போறீகளாமே, அவுக இருந்தா எவ்வளவு சந்தோசப்படுவாக என்றாள். உங்களுக்கு என் மேல ஏதும் மனத்தாங்கல் உண்டுமா மதினி என்று கேட்டார். அவள் கையிலிருந்த மாவைப் பாத்திரத்தில் வழித்துப் போட்டாள். அப்புறம் சொன்னாள்.

"மனத்தாங்கல் எதுக்கு தம்பி? நான் பொம்பளையாளு வார்டுல கெடக்கேன், அவுக போயிட்டாகன்னு நர்ஸம்மா வந்து சொல்லுதா, அடுத்தாப்புல உங்களுக்கும் காய்ச்சல்ங்கா. நான் மாதாகிட்ட அழுது கேட்டேன். அவுகளத்தான் எடுத்துக்கிட்ட, தம்பியையாவது விட்டுருன்னு. விட்டுட்டாளே."

நாலு முறுக்குத் தின்றுவிட்டு வந்தார். நல்லாத்தான் இருந்தது. தின்னும்போது தொண்டையில் சிக்காமல் எப்படி இறங்கிற்று என்றுதான் இரண்டு நாளாக யோசனை. தன் புருசன் செத்த சேதி காதில் விழுந்த நிமிசத்தில் ஒருத்தி இல்லாத காய்ச்சலுக்காக அழுதிருக்கிறாள். அந்த அழுகையை இப்போது எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது. சொன்னால் செத்தவனுக்கு ஒரு லாபமும் இல்லை, இருக்கிறவளுக்கு அந்தச் சாவை இன்னொரு தரம் கொடுத்த மாதிரி ஆகும், ஆகவே சொல்லாமல் இருப்பதுதான் தர்மம் என்று நியாயம் பேசிப் பார்த்தார். நியாயம் நன்றாகத்தான் இருந்தது. இவருக்கு வசதியாகவும் இருந்தது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

காய்ச்சல் என்று முதலில் சொன்னது யார்? இந்த இடத்தில் நினைப்பு எப்போதும் சிக்கிக்கொள்ளும். அமலிதான் சொன்னாள் என்று ஒரு வருசம் நம்பிக்கொண்டிருந்தார். போன் அடிக்கிறது, அமலி அடுப்படி வாசலில் நிற்கிறாள், வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். தலையை ஆட்டினாளா, இல்லை, கையைத் துடைத்துக்கொண்டு யாரு என்று கேட்டாளா? கேட்டுப் பார்த்துவிடலாம்தான், வீட்டிலேயே இருக்கிற பெண்டாட்டி, கேட்டால் சொல்வாள், அதனால்தான் கேட்கவில்லை. தஸ்நேவிஸ் அண்ணாச்சி போனில், ஆஸ்பத்திரியிலேருந்து நேரா கல்லறைத் தோட்டத்துக்குத்தான் கொண்டு வாரோம், கவச உடுப்பு ஒண்ணு கூட இருக்கு, நீ வாரியா என்றார். ஒன்று கூட இருக்கிறது என்று சொன்னாரே, அது இவருக்காக எடுத்து வைத்தது. அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றிருந்தால் போதும். பயம். வேறு ஒன்றும் இல்லை, அதற்கு வேறு பேரே கிடையாது. போனில் வந்த வீடியோக்களையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கொஞ்ச நாளாகவே மூச்சு உள்ளே போகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தவர். கல்யாணத்துக்கு இரண்டு பெண்பிள்ளைகள், உடம்பில் சர்க்கரை, எல்லாம் காரணம்தான், ஆனால் காரணமெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தது. முதலில் வந்தது பயம், அடுத்தது வாய். அதற்கும் முந்தி ஒன்று இருக்கிறது, அதைச் சாமியிடம்கூடச் சொல்லவில்லை. சாவதற்கு மூன்று நாளைக்கு முந்தி அண்ணன் வார்டிலிருந்து கூப்பிட்டான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குச் சத்தம் பெரிசு, அன்றைக்கு அது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. ஏல, சார்ஜர வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன், கேட்டுக்கு வெளிய நிக்கிற ஆளுகிட்ட குடுத்தாப் போதும், உள்ள வாங்கித் தருவாங்க, போன்ல இன்னும் கொஞ்சந்தான் இருக்கு என்றான். நாளைக்குக் குடுத்து விடுதேன் அண்ணே என்றார். நாளைக்கு, அடுத்த நாளைக்கு. ஆஸ்பத்திரி கேட்டு மட்டும்தான், உள்ளே போகக்கூட வேண்டாம். மூன்றாம் நாள் இவரே கூப்பிட்டுப் பார்த்தபோது அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது அந்தப் பெண் குரல். அவன் கடைசியாக மகளிடம் பேச நினைத்தானோ, மதினி எப்படி இருக்கிறாள் என்று கேட்க நினைத்தானோ, தெரியாது. சார்ஜர் அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும், கடைவீதியில் எங்கேயும்.

சொல்லிவிடவேண்டியதுதான். மூன்றாவது தரம் அண்ணாச்சி கேட்டு முடித்ததும் எழுந்துவிடவேண்டும். தன் பேரில் தானே மனத்தாங்கல் சொல்ல வழக்கம் உண்டா, தெரியவில்லை, வேலித் தகராறு கதையில் அப்படி ஒன்றும் இல்லை. முறையில்லை என்று உட்காரச் சொன்னால்? உட்காரச் சொன்னால் உட்கார்ந்துகொண்டே சொல்லலாம். எப்படி ஆரம்பிக்க? சகோதரர்களே என்று ஆரம்பிக்க முடியாது, இன்னும் சகோதரன் ஆகவில்லை. அண்ணாச்சிமார்களே என்றால் வியாகுலம் வயசில் சின்னவன். எல்லாருக்கும் ஒரு விசயம் என்று ஆரம்பிக்கலாம். எல்லாருக்கும் ஒரு விசயம், எங்க அண்ணன் இஞ்ஞாசி தவறினப்ப எனக்குக் காய்ச்சல்னு சொன்னேன். இல்லை, தவறினப்ப என்பது வேண்டாம், அது பத்திரிகையில் போடுகிற வார்த்தை, செத்தப்ப என்றே சொல்லவேண்டும். காய்ச்சல் இல்ல, பயந்துட்டேன். அவ்வளவுதானே, பத்து வார்த்தை. பத்து வார்த்தையில் கஞ்சி வரவில்லையே. கஞ்சியைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பொய் அப்படியே நிற்கும், கஞ்சியைச் சொன்னால் வியாகுலத்தின் முகத்தைப் பார்க்கவேண்டும். நாளைக் காலையில் கிழக்குத் தெரு வால்வைத் திறக்கும்போது அவன் வாசலில்தான் நிற்பான். இன்றைக்கு மத்தியானத்துக்குள் சேதி மதினி வீட்டுக்குப் போய்விடும். யாராவது ஒருத்தன் பெண்டாட்டியிடம் சொல்வான், அவள் கிணற்றடியில் சொல்வாள். அதற்கு முந்தி இவரே போய்விடவேண்டும். சைக்கிளில் போனால் ஆறு நிமிசம். முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் இங்கே வந்து சொல்லியிருக்கவேண்டும், வரிசையைத் தப்பாகப் போட்டுவிட்டோமே என்று யோசித்து, சரி, கஞ்சியை முதலில் வைத்து ஆரம்பித்தால் என்ன, வியாகுலம், நீ கொண்டு வந்த கஞ்சி என்று அவனைப் பார்த்தே பேச ஆரம்பித்தால் என்ன என்று வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்கழுத்தில் ஏதோ வழவழவென்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். தஸ்நேவிஸ் அண்ணாச்சி குனிந்து சுரூபத்தை நெஞ்சுக்கு நேராக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். மூன்றாவது தரம் எப்போது கேட்டார், அருள்நிறை மரியே எப்போது முடிந்தது, ஒன்றும் காதில் விழவில்லை. சகோதரரே என்று அண்ணாச்சி கட்டிப்பிடித்தார்.

பதினெட்டுப் பேரும் வரிசையாக வந்து கட்டிப்பிடித்தார்கள். வியர்வை, முகப் பவுடர், ஒருத்தரிடம் தைல வாசனை. வியாகுலம் முதுகில் ரெண்டு தட்டு தட்டி, தண்ணியப் பாத்து விடுங்க சகோதரரே என்று காதில் சொன்னான். சந்தியாகு எல்லாருக்கும் தலையை ஆட்டினார். கேள்வி முடிந்துவிட்டது, இனிக் கேட்கமாட்டார்கள், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதும் முறையில்லை. ஒரு பக்கம் மனசு கொஞ்சம் லேசாகக்கூட ஆயிற்று, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வேணும்னே நான் உட்கார்ந்திருக்கல, யோசனையில் விட்டுப்போச்சு, அதற்கு நான் என்ன செய்ய என்று வாய் உள்ளுக்குள்ளேயே ஒரு சாக்கைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தது. அப்போதுதான் செயலாளர் ராயப்பன் நீளமான ஒரு நோட்டைக் கொண்டுவந்து இவர் கையில் வைத்தான். செல்போன் கடை வைத்திருப்பவன், ஆனாலும் சபைக் காரியத்தை எல்லாம் பேனாவால்தான் எழுதுவான். நவம்பர், ஆத்துமாக்களின் மாதம் அல்லவா, சபை தூக்கின ஆட்களில் ஆளில்லாமல் அடக்கமானவர்கள் பேரை இந்தக் கூட்டத்தில் வாசிப்பார்களாம். ஐந்து வருசத்துப் பேர்களை வாசிப்பார்கள், அதற்கு மேல் உள்ளவர்களை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். கடைசியாகச் சேர்ந்த சகோதரன்தான் வாசிக்கவேண்டும் என்பது வழக்கம். பேர், வயசு, உறவினர் என்று கோடு போட்டிருந்தது. ஒவ்வொரு பேருக்கும் பிறகு எல்லாரும், நித்திய இளைப்பாற்றி என்பார்கள், அப்புறம் அடுத்த பேர், அவ்வளவுதான் என்று ராயப்பன் விளக்கிவிட்டுப் பேனாவோடு பக்கத்தில் நின்றான்.

சந்தியாகு வாசித்தார். செல்லம்மாள், வயது எண்பது, உறவினர் இல்லை. நித்திய இளைப்பாற்றி. குருசுமிக்கேல், வயது நாற்பத்தேழு, மனைவி மக்கள் பிரிந்து சென்றனர். நித்திய இளைப்பாற்றி. தாளைத் திருப்பினார். அடுத்த பக்கத்தின் முதல் வரியில் அண்ணன் பேர் இருந்தது. இங்கே இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. அவனுக்குப் பெண்டாட்டி உண்டு, மகள் உண்டு, தம்பி உண்டு, ஊரில் பாதிப் பிள்ளைகள் அவன் வேனில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்கள். ஆளில்லாதவன் பட்டியலில் அவன் எதற்கு. ஆனால் ராயப்பன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். இஞ்ஞாசி, வயது அறுபத்தொன்று. உறவினர் என்ற இடத்தில், மனைவி ஆஸ்பத்திரியில், மகள் வெளிநாட்டில், தம்பி கடும் காய்ச்சலால் வர இயலவில்லை. கடும் என்று இவர் சொல்லவில்லை, அது ராயப்பன் இரக்கப்பட்டுச் சேர்த்தது. பேரை வாசித்தார். வயதை வாசித்தார். மனைவியையும் மகளையும் வாசித்தார். அப்புறம் குரல் நின்றுவிட்டது. அண்ணன் நினைப்பு வந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். முன் வரிசையில் ஒருத்தர், கிடக்கட்டும், நான் வாசிக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். சந்தியாகு வேண்டாம் என்று கையைக் காட்டினார். பக்கத்தில் நின்ற ராயப்பனுக்கு, வாசிக்கிற ஆள் எந்த வார்த்தையில் நின்றுவிட்டார் என்பது தெரிந்தது.

"தம்பி கடும் காய்ச்சலால்னு இருக்கு, வாசிங்க சகோதரரே" என்றான்.

"அது தப்பு" என்றார் சந்தியாகு. சத்தம் சரியாகத்தான் வந்தது. "தம்பி சுகமா இருந்தான். பயந்துகிட்டு வரல. பதினாலு நாள் வியாகுலம் கொண்டாந்த கஞ்சிய உக்காந்து குடிச்சான். அப்படி எழுதணும்."

ராயப்பன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். அடிச்சுட்டு எழுது என்றார். ராயப்பன் நோட்டை வாங்கி மேசையில் வைத்து, பழைய வரியின் மேல் ஒரே கோடாகப் போட்டுவிட்டு, மேலே சின்ன எழுத்தில் எழுதினான். கஞ்சியை எழுதவில்லை. தம்பி சுகமாக இருந்தும் வரவில்லை என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தான். சந்தியாகு பட்டியைக் கழற்றுவதற்காகக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். அப்போது இரண்டாவது வரிசையில் வியாகுலம் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. அவன் இவரைப் பார்க்கவில்லை, தலைவரைத்தான் பார்த்தான்.

"அண்ணாச்சி, எனக்கு இப்ப மனத்தாங்கல் உண்டு. சொல்லலாமா?"

"மூணு தரம் கேட்டாச்சு வே, பட்டியும் போட்டாச்சு" என்றார் தஸ்நேவிஸ் அண்ணாச்சி. "இனி அவன் உன் சகோதரன். உன் மனத்தாங்கல நீதான் அவங்கிட்ட நேருக்கு நேரா சொல்லணும். கூட்டம் முடியட்டும்." பிறகு சந்தியாகு பக்கம் திரும்பினார். "நீ பட்டிலேருந்து கைய எடு. முதல்ல சலேத்துகிட்ட போயிட்டு வா, அப்புறம் இவன் பேசுவான். இப்ப எழுதியிருக்கதை வாசி."

வியாகுலம் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தான். சந்தியாகு நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, தம்பி சுகமாக இருந்தும் வரவில்லை என்று வாசித்தார். நித்திய இளைப்பாற்றி என்று எல்லாரும் சொன்னார்கள். வியாகுலமும் சொன்னான். சந்தியாகு விரலை ஒரு வரி கீழே இறக்கி அடுத்த பேரை வாசித்தார்.